தூக்குமேடையும் தெருச் சிறுவரும்

தெருச் சிறுவரைத் திருடப் பழக்கி, அவர்தம் உழைப்பில் உண்டு வாழும் கொடியோன் ஒருவன் குற்றக் கதைகளிலே மீண்டும் மீண்டும் தோன்றுவதை நாம் அறிவோம். நாவலிலும் நாடகத்திலும் திரைப்படத்திலும் அவன் பெயர் மாறும், தொழில் மாறாது. அவர்கள் பலருக்கும் மூதாதை எனத்தக்கவன், சார்ள்ஸ் டிக்கன்ஸ் படைத்த ஃபேகின். 1837 முதல் 1839 வரை தொடர்கதையாக வெளிவந்த 'ஒலிவர் ட்விஸ்ற்' நாவலின் கொடியோன் இவன். சமுதாயத் தீமையின் வேரைக் கண்ட எழுத்தாளன், தான் கண்டதைத் தானே மறைத்துவிடவும் கூடும் என்பதற்கு இப்பாத்திரத்தினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

நாவல் பிறந்த சூழலை முதலில் நோக்குவோம். 1834ஆம் ஆண்டு இங்கிலாந்திலே புதிய வறியோர் சட்டம் நிறைவேறியது. உதவி வேண்டுவோர் ஏழைகள் விடுதிக்குள் புகவேண்டும். அங்குள்ள வாழ்வு வெளியேயுள்ள மிகத் தாழ்ந்த கூலியாளின் வாழ்விலும் இழிந்ததாக இருத்தல் வேண்டும் என்பதே அச்சட்டத்தின் தத்துவம். பசியை ஆட்சிக் கருவியாக்கிய இத்தத்துவத்தை டிக்கன்ஸ் நாவலின் முற்பகுதியில் ஈவிரக்கமின்றிச் சாடினார். நாளுக்கு மூன்று வேளை நீர்த்த கஞ்சி, வாரத்தில் இருமுறை ஒரு வெங்காயம், ஞாயிறன்று அரைத்துண்டு ரொட்டி என்னும் உணவுப் பட்டியலே அச்சட்டத்துக்கு அவர் எழுதிய விமரிசனம் எனலாம்.

இங்கே ஒலிவர் என்னும் சிறுவனுக்கு யார் யார் எவ்வாறு விலை பேசினர் என்பதைக் கவனித்தல் வேண்டும். அவனை வளர்க்கவென வாரந்தோறும் ஏழரைப் பென்ஸ் பெறும் மூதாட்டி, அதிற் பெரும்பகுதியைத் தனக்கென எடுத்துக்கொள்கிறாள். இன்னுங் கொஞ்சம் கஞ்சி கேட்ட குற்றத்துக்காக, அவனைப் பொறுப்பேற்போருக்கு ஐந்து பவுண் தரப்படும் என விடுதியின் நிருவாக சபை விளம்பரஞ் செய்கிறது. புகைபோக்கி துடைக்கும் காம்ஃபீல்ட் என்பவன் வருகிறான். அவனிடம் வேலை செய்த சிறுவர் சிலர் முன்னரே இறந்தனர் என்ற பழி அவன்மீதுண்டு. தொழில் அழுக்கானது என்று சபையினர் சுட்டிக்காட்டுகின்றனர், எதற்காக? சிறுவனைக் காப்பதற்கன்று, கொடுக்கவேண்டிய தொகையைக் குறைப்பதற்காக! ஐந்து பவுண் மூன்றரைப் பவுணாகிறது. முதிய நீதவான் ஒருவர் தற்செயலாகச் சிறுவனின் முகத்திலிருந்த பீதியைக் கண்டிராவிடின் பேரம் முடிந்திருக்கும்.

இத்தனைக்கும் பின்னரே ஃபேகின் வருகிறான். அவன் ஒலிவருக்குச் சூடான உணவு கொடுக்கிறான். பையிலிருந்து கைக்குட்டையை உருவுவதை விளையாட்டாகக் கற்பிக்கிறான். சிறுவன் வாய்விட்டுச் சிரிக்கிறான். சட்டபூர்வமான தருமம் பட்டினி போட்ட குழந்தையைச் சட்டவிரோதமான சுரண்டல் சிரிக்க வைக்கிறது. இக்காட்சியின் வலிமை இந்த முரண்பாட்டிலேயே தங்கியுள்ளது. ஃபேகின் நல்லவனென்று கொள்ளலாகாது. தன்னுடன் தொழில் செய்தோரைத் தூக்குக்கயிற்றுக்கு அனுப்பியவன். இறந்தவர் காட்டிக்கொடுப்பதில்லை என மகிழ்பவன். ஆயினும் அவனுடைய வாழ்க்கைத் தத்துவம் அவனுக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொருவனுக்கும் தானே முதலாம் இலக்கம். பிறரைக் காப்பதும் தன்னைக் காப்பதற்கே என்று புதிதாக வந்த நோவா கிளேபோலுக்கு அவன் உபதேசிக்கிறான். அக்காலத்துத் தொழிலதிபர்கள் பொருளியல் விதியெனப் போற்றியதையே கள்வர் குகையிலும் நாம் கேட்கிறோம். நிருவாக சபைக்கும் ஃபேகினுக்கும் இடையே சட்டம் என்னும் சுவர் ஒன்றே உண்டு, நியாயம் ஒன்றுதான்.

இவ்வளவு தெளிவாகக் கண்ட டிக்கன்ஸ் எங்கே தவறினார்? முதலாவதாக, கொடியோனுக்கு அவர் இன முத்திரை குத்தினார். ஃபேகினைப் பெயரால் அழையாது 'யூதன்' என்றே நூற்றுக்கணக்கான இடங்களிற் குறித்தார். ஓர் அமைப்பின்மேல் எழவேண்டிய சினம், நெடுங்காலம் ஒடுக்கப்பட்ட ஓர் இனத்தின்மேற் பாய அது வழி திறந்தது. 1863இல் இலைசா டேவிஸ் என்னும் யூதப் பெண்மணி கடிதம் எழுதி இதனைக் கண்டித்தார். பின்னர் 1867ஆம் ஆண்டுப் பதிப்பிலே அச்சொல்லைப் பல இடங்களில் டிக்கன்ஸ் நீக்கினார். ஆயினும் நஞ்சு முற்றும் நீங்கவில்லை. 1948இல் டேவிட் லீன் இயக்கிய திரைப்படத்தில் அலெக் கின்னஸ் பூண்ட ஒப்பனை பழைய கேலிச் சித்திரத்தையே உயிர்ப்பித்தது. இட்லரின் கொலைக்களங்களில் உயிர்தப்பிய யூதர் 1949இற் பேர்லினில் அதனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அமெரிக்காவிலோ சில காட்சிகள் வெட்டப்பட்ட பின்னரே 1951இல் அது திரையிடப்பட்டது.

ஃபேகின் என்ற பெயரின் வரலாறும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தந்தை கடனுக்காகச் சிறைப்பட்டபோது, 1824இல், பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கன்ஸ் சப்பாத்து மைத் தொழிற்சாலையொன்றில் வேலைக்கமர்ந்தார். அங்கே அவருக்கு வேலை பழக்கி அன்பு காட்டிய தொழிலாளச் சிறுவனின் பெயர் பொப் ஃபேகின். குழந்தையின் உழைப்பை விலைக்கு வாங்கியது சட்டம் ஏற்றுக்கொண்ட தொழிற்சாலை. கொடியோனுக்குச் சூட்டப்பட்டதோ உடனுழைத்த சிறுவனின் பெயர்!

இரண்டாவதும் பெரியதுமான தவறு முடிவில் உள்ளது. ஃபேகின் தூக்கிலிடப்படுகிறான். ஒலிவர் நற்குடியிற் பிறந்தவனென்று தெரியவர, சொத்தும் பாதுகாவலரும் அவனை வந்தடைகின்றனர். விடுதியில் வளர்ந்தும் அவனது பேச்சும் நெஞ்சும் மாசுறாதிருந்தது பிறப்பின் சிறப்பே என்ற எண்ணம் வாசகர் மனத்தில் ஊன்றப்படுகிறது. அப்படியாயின், நற்பிறப்பு வாய்க்காத ஏனைய சிறுவரின் கதி என்ன? குறும்பும் கூர்மதியும் மிக்க டோஜர் நாடுகடத்தப்படும் கைதியாகிறான். ஒருவன் திருந்தி உழைத்து வாழ்கிறான். கூட்டத்தில் எஞ்சிய முக்கியமானோர் தொலைதேசத்தில் மடிந்தனர் என்பதோடு ஆசிரியர் அவர்களை முடித்துவிடுகிறார். கஞ்சிக் கிண்ணத்தை வழித்து நக்கிய விடுதிச் சிறுவரைப் பற்றியோ பேச்சே இல்லை.

பின்வந்தோர் இக்குறையைக் களைந்தனரா? 1960இல் மேடையேறி 1968இல் திரைப்படமான இசை நாடகம் ஃபேகினைப் பாட்டுப் பாடும் வேடிக்கைக் கிழவனாக்கி, டோஜருடன் கைகோத்து மகிழ்ச்சியாகவே வழியனுப்பியது. இனவெறுப்பு மறைந்தது உண்மை. சுரண்டலும் கூடவே மறைந்துபோயிற்று.

மாறாக, லூயி புனுவெல் 1950இல் மெக்சிக்கோ நகரின் தெருச் சிறுவரைப் பற்றி எடுத்த 'மறக்கப்பட்டோர்' என்னும் படத்தில் ஃபேகினே இல்லை. கட்டணம் செலுத்திய குழந்தைகள் குடைராட்டினத்தில் ஏறிச் சுற்ற, கூலிக்கு வந்த குழந்தைகள் அதனைத் தள்ளுகின்றனர். இறுதியில் பெட்ரோ என்னும் சிறுவனின் உடல் குப்பைமேட்டிலே வீசப்படுகிறது. தூக்கிலிட ஒருவன் அகப்படாமையால் பார்ப்பவன் நிம்மதியுடன் வீடு திரும்ப இயலாது. அப்படத்தின் நேர்மை அதுவே.

கொடியோர் தண்டிக்கப்பட வேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். தண்டிக்கப்படத்தான் வேண்டும். ஆனால் அத்தண்டனையோடு கணக்கு முடிந்தது என்று கூறும் கலை, பசித்த குழந்தையை அடுத்த ஃபேகினுக்காகத் தெருவிலேயே விட்டுச் செல்கிறது. இலக்கியத்தைக் கற்பிப்போரும் கற்போரும் இத்தகைய கதையை முடிக்கும்போது ஒரு கேள்வியைத் தவறாது எழுப்புதல் வேண்டும்: கொடியோன் இறந்தான், அன்றிரவு அந்தச் சிறுவர்கள் எங்கே உறங்கினர்?