இருகூர் வளையமும் மேசைமேல் ரயிலும்

மாடல் ரயில் அமைப்புகளில் இரண்டு வகை உண்டு. புணே கோத்ரூட்டில் 1998-இல் திறந்த ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் போல ஓரிடத்தில் நிலையாகக் கட்டிவைப்பது ஒரு வகை. மற்றது கூட்டு வேலை. ஆளுக்கொரு பலகையில் தண்டவாளம், ஊர், தோப்பு எல்லாம் வீட்டிலேயே செய்து, கண்காட்சி நாளில் கொண்டுவந்து ஒன்றோடொன்று பிணைத்து, ஒருவர் ரயிலை எல்லார் ஊர் வழியாகவும் ஓட்டுவார்கள். அந்தப் பலகைக்கு மாட்யூல் என்று பெயர். கலிஃபோர்னியாவில் 1970-களில் தொடங்கிய என்-டிராக், ஐரோப்பாவில் 1981-இல் உருவான ஃப்ரெமோ, மேசைமேல் வைக்கும் டி-டிராக் எல்லாம் இந்த முறையைச் சேர்ந்தவை. கோவைக்கு இது பொருந்துமா என்று கேட்டால், மிகவும் பொருந்தும் என்பேன். ஆனால் அங்கிருப்பதை அப்படியே எடுத்துவந்தால் பொருந்தாது.

இந்த முறையின் பலமே அதன் விதிகள் குறைவு என்பதுதான். விதி பலகையின் ஓரத்துக்கு மட்டுமே. தண்டவாளம் எந்த உயரத்தில், ஓரத்தின் எந்தப் புள்ளியில் முடிய வேண்டும், மின் இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதோடு அது நின்றுகொள்ளும். உள்ளே என்ன செய்வது என்பது அவரவர் விருப்பம். கோவைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு பம்புக்கு வார்ப்பு ஒரு பட்டறையில், கடைசல் இன்னொன்றில், காயில் சுற்றுவது வேறொன்றில் நடக்கும். வரைபட அளவு சரியாக இருந்தால் யார் செய்த பாகமும் பொருந்திவிடும். பெரிய வீடோ தனி அறையோ இல்லாதவரும் இரண்டடிப் பலகையோடு ஒரு நீண்ட ரயில்பாதையில் பங்காளி ஆகலாம். இந்தப் பொழுதுபோக்கில் வேறெந்த முறையும் இவ்வளவு பேரை உள்ளே விடாது.

குறைகளும் இதே இடத்தில்தான் பிறக்கின்றன. எல்லாம் இணைந்திருப்பதால் ஒரு பலகையின் கோளாறு எல்லாரையும் நிறுத்தும். ஒரு இணைப்பில் தண்டவாளம் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றால் போதும், நீண்ட ரயில் அங்கே தடம் புரளும். கண்காட்சிக் கூடத்தின் தரை எங்கும் ஒரே மட்டமாக இருக்காது. ஒவ்வொரு காலிலும் திருகி உயரம் சரிசெய்யும் போல்ட் இல்லாத மாட்யூலைச் சேர்க்கவே கூடாது. டிஜிட்டல் கட்டுப்பாட்டில் ஒரே தண்டவாளத்தில் பல என்ஜின்களைத் தனித்தனியே ஓட்ட முடிகிறது. ஆனால் மின் பகுதிகளைப் பிரித்து வைக்காவிட்டால் ஓரிடத்து ஷார்ட் மொத்த ரயில்களையும் நிறுத்திவிடும். தூசி இன்னொரு தொல்லை. சக்கரம் தண்டவாளத்தைத் தொட்டுத்தான் மின்சாரம் எடுக்கிறது. கூட்டம் நடக்க நடக்கப் படியும் புழுதியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது உயரம். ஃப்ரீ-மோ என்னும் அமெரிக்க மாட்யூல் முறையின் விதிப்படி தண்டவாளம் தரையிலிருந்து 50 அங்குலத்தில் இருக்க வேண்டும். நின்று பார்க்கும் பெரியவருக்கு அது அருமையான காட்சி. ஐந்து வயதுக் குழந்தைக்கோ பலகையின் அடிப்பக்கம்தான் தெரியும். குழந்தை பார்க்க முடியாத ரயிலை எதற்காகக் கண்காட்சிக்குக் கொண்டுவர வேண்டும்? இங்கே சாதாரண மேசை உயரம்தான் சரி. கை எட்டும் என்று பயந்தால் முன்னால் தெளிவான அக்ரிலிக் தடுப்பு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, சும்மா சுற்றுவது. கண்காட்சிக்கென்று எழுந்த அமைப்புகளில் ரயில் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். ஃப்ரெமோ கூட்டங்களில் டைம்டேபிள் உண்டு, கிராசிங்குக்குக் காத்திருப்பு உண்டு, ஸ்டேஷன் மாஸ்டர் வேலை பார்ப்பவர் உண்டு. ரயில் ஓட்டுவது என்றால் இதுதான். ஆனால் நின்றுகொண்டிருக்கும் ரயிலைப் பார்க்கப் பொதுமக்களுக்குப் பொறுமை இருக்காது என்பார்கள். இந்தச் சிக்கலுக்கு விடை கோவையின் வரைபடத்திலேயே இருக்கிறது. இருகூரில் பாதை பிரிகிறது. ஒன்று பீளமேடு, வடகோவை வழியாகக் கோவை ஜங்ஷன் வந்து போத்தனூர் போகிறது; மற்றொன்று நகருக்குள் வராமல் நேரே போத்தனூர் சேர்கிறது. ஆக, இது நிஜமான வளையம். வடகோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கும், போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும், இருகூரிலிருந்து திருப்பூர், ஈரோட்டுக்கும் வழி உண்டு. இதை மாட்யூல்களாகச் செய்தால் வளையத்தில் எப்போதும் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருக்கும். கிளைகளில் டைம்டேபிள் நடக்கும். ஆளுக்கொரு காட்சியைச் செய்வதால் பனிமலைக்குப் பக்கத்தில் பாலைவனம் வருகிற பொருத்தமின்மையும் போய்விடும்.

தண்டவாளத்தின் அகலத்தில் ஒரு சமரசம் தவிர்க்க முடியாதது. எச்.ஓ. என்னும் 1:87 அளவில் விற்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர், அது 1435 மில்லிமீட்டர் வெளிநாட்டுப் பாதைக்கானது. நம் பிராட்கேஜ் 1676. கணக்குப்படி 19.3 மில்லிமீட்டர் வேண்டும். அந்தத் துல்லியத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் கூட்டு அமைப்பில் அதை வற்புறுத்தக் கூடாது. அப்படிச் செய்தவரின் ரயில் அடுத்தவர் பலகையில் ஓடாது.

நீலகிரி ரயில் விஷயம் வேறு. அதன் செங்குத்தான பகுதியில் ஏற்றம் ஏறக்குறைய 12 அடிக்கு ஓரடி. நாலடி மாட்யூலில் கிட்டத்தட்ட நாலு அங்குலம் ஏற வேண்டும். மட்டமான இணைப்பை எதிர்பார்க்கும் விதி அங்கே உடைந்துபோகும். அதைத் தட்டையாக்கிச் சேர்த்தால் பற்சட்டத்தைப் பிடித்து ஏறும் ரயிலுக்கு அர்த்தமே இல்லை. மேட்டுப்பாளையத்தில் நடப்பதையே செய்தால் போதும். சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் அங்கே நின்றுவிடும். பயணிகள் இறங்கி மீட்டர்கேஜ் ரயிலுக்கு மாறுவார்கள். இரண்டு பாதையும் இணைவதில்லை, அடுத்தடுத்து நிற்கின்றன. மலைப்பகுதியைத் தனி விதியில், 12 மில்லிமீட்டர் பாதையில், குன்னூர் வரை தனியாக ஏறும் கிளையாக வைக்கலாம்.

கோவையிலும் சுற்று ஊர்களிலும் மாடல் ரயிலைப் பெட்டியிலேயே வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காட்சி அலங்காரத்தில் இறங்கும் முன் ஓரத்தின் அளவை எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். முதல் நான்கு மாட்யூல்கள் இருகூர், பீளமேடு, கோவை ஜங்ஷன், போத்தனூராக இருக்கட்டும்.