சால்டரிங் அயர்ன்

சால்டரிங் அயர்ன் வீட்டுப் பட்டறையின் அருமையான கருவி. 1972-இல் இன்டெல் தொழிற்சாலை வந்த பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில், கார் போர்ச் மேசையிலும் அதற்கு இடமுண்டு. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த ஈயக் கம்பி 183 டிகிரி செல்சியசில் சட்டென உருகும். பழகுவோருக்கு அதுவே உகந்தது. முனையில் ஈயத்தை எடுத்துப் பூசக் கூடாது. மின்சுற்றுப் பலகையின் செம்புத் தடத்தையும் உறுப்பின் கம்பிக் காலையும் சேர்த்துச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே ஈயத்தை உருகவிட வேண்டும். அப்போது அது பளபளத்துக் காலைத் தழுவிச் சரிந்து இறங்கும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத அழகு. உருண்டு திரண்டு நின்றால் பிடிக்கவில்லை என்று பொருள். ஈரக் கடற்காற்றில் செம்பு கறுக்கும்; தேய்த்து, ஃபிளக்ஸ் தடவிய பிறகே தொடங்க வேண்டும். அணைக்குமுன் முனையில் புதிய ஈயம் பூசுவதும், முடித்ததும் கை கழுவுவதும் அவசியம்.