தறியில் தேறாத மொழிபெயர்ப்பு

'எறியப்பட்ட பட்டு மதுவில் வேகவைக்கப்படுகிறது' என்று ஒரு பாடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த மாணவன் அதைப் படித்தால் சிரிப்பான். தன் தந்தையின் தொழிலைப் பற்றித்தான் அது பேசுகிறது என்பது அவனுக்குத் தெரியாமலே போகும்.

பிழை எங்கே? பட்டு நூல்களில் 'த்ரோயிங்' என்றால் இழையை முறுக்குதல். 'லிக்கர்' என்றால் பட்டை வேகவைக்கும் கரைசல், அல்லது சாயக் கரைசல். அகராதி காட்டிய முதற்பொருளை எடுத்ததால் வந்த வினை இது.

நம் மொழிபெயர்ப்பு வகுப்புகள் பலவற்றில் பயிற்சிக்குத் தரப்படுபவை வெட்டி எளிமையாக்கிய வாக்கியங்களே. உண்மையான ஆங்கில அறிவியல் நூலில் ஓர் இயலை முழுதும் படித்த மாணவர் இப்படித் தடுமாறமாட்டார். கச்சாப் பட்டில் ஃபைப்ராயின் என்னும் இழைப்புரதத்தைச் செரிசின் என்னும் பசைப்புரதம் போர்த்தியிருக்கிறது. எடையில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு அப்பசையே. சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் அது கரைய, எடை குறைகிறது; பளபளப்பும் மென்மையும் வெளிப்படுகின்றன. இந்தச் செய்முறையை அறிந்தவருக்கு 'லிக்கர்' எது என்பதில் ஐயமேது?

சொல்லைவிட நுட்பமான பிழை ஒன்றும் உண்டு. 'மிகுந்த காரம், நெடுநேரம் கொதித்தால், இழையைக் கெடுக்கலாம்' என்று ஆராய்ச்சியாளர் அளந்து எழுதுகிறார். மொழிபெயர்ப்பிலோ அது 'காரம் இழையைக் கெடுக்கும்' என்று சுருங்கிவிடுகிறது. நிபந்தனையும் 'லாம்' என்ற விகுதியும் போயின. அறிவியலும் உடன் போயிற்று! அளவோடு சோடா இடுபவரையும் இவ்வரி வீணே அச்சுறுத்தும். எந்த அளவுக்கு உறுதி என்று சொல்வதும் அறிவியல் எழுத்தின் ஒரு பகுதியே. மூலநூல்களில் பழகாமல் அது கைவராது.

இதற்கு முன்னோடி நம் மொழியிலேயே உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலும், 1864 முதல் தமிழிலும் மருத்துவம் கற்பித்தார். ஆங்கில நூல்களில் பயின்ற மாணாக்கரே அவருக்கு மொழிபெயர்ப்பில் துணைநின்றனர். கிரேயின் பெரிய உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழில் வெளிவந்தது. அதன் வடசொற்கள் இன்று கடினமாகத் தோன்றலாம். ஆனால், பொருளை முதலில் கற்று, பின்னரே சொல்லைத் தேடிய முறை இன்றும் பின்பற்றத் தக்கது.

'தமிழ்வழி மாணவருக்கு மூலநூல் சுமையல்லவா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பழக்கமில்லாத பொருளில் தொடங்கினால் சுமையே. காஞ்சி மாணவருக்குப் பட்டைப் பற்றிய இயல் ஒன்றைக் கொடுங்கள். பாதிப் பொருளை அவர் வீட்டிலேயே கற்றிருப்பார். பாவு, ஊடை, கோர்வை என்ற சொற்கள் அவர் நாவில் ஆயத்தமாக இருக்கின்றன.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். மொழிபெயர்த்த பக்கத்தைத் தறியில் அமர்ந்திருப்பவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் நாடாவை நிறுத்திவிட்டு, 'என்ன சொல்றீங்க?' என்று கேட்டால், மூலத்தை மீண்டும் திறவுங்கள்.