கல்லைத் தட்டினேன், டங்குன்னுச்சு!

ஃபயர் பிரிக்கைக் கையில எடுத்துப் பார்த்திருக்கீங்களா? இல்லைன்னா முதல் வேலையா ஒரு கடைக்குப் போய் எடுத்துப் பாருங்க! இளமஞ்சள் நிறம், நறுக்குன ஓரம், நடுவுல அழுத்தமா ‘ஐ.எஸ். 8’ முத்திரை. ஒன்பதுக்கு நாலரைக்கு மூணு அங்குலம், கிட்டத்தட்ட 4 கிலோ. ரெண்டு கல்லை எடுத்து மோதினா டங்குன்னு மணிச் சத்தம் வரணும்; டொக்குன்னா உள்ளே விரிசல், ஒதுக்கி வச்சிடுங்க. நான் ஒவ்வொண்ணா தட்டித் தட்டிக் காதுல வச்சுக் கேட்கிறதைப் பார்த்துட்டுக் கடைக்காரர், “ஏனுங்க தம்பி, கல்லு வாங்க வந்தீங்களா, கச்சேரிக்கு வந்தீங்களா?”ன்னார். கச்சேரிதாங்க, வேறென்ன!

வீட்டு மாடியில விறகு அடுப்பு கட்டி பீட்சா சுடணும்னு கிறுக்குப் பிடிச்சவனுக்குக் கோயம்புத்தூர் மாதிரி ஊர் அமையாது. ஃபவுண்டரி ஊராச்சே! வீடு கட்டுற சாமான் விக்கிற கடையில கேட்டா முழிப்பாங்க. ஃபவுண்டரிக்கும் பாய்லருக்கும் சரக்குப் போடுற கடையைத் தேடிப் போங்க, மலை மாதிரி அடுக்கி வச்சிருப்பாங்க. எனக்குச் சொன்ன விலை கல்லு 45 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இணையத்துல ஒத்தைக் கல்லா வாங்கினா அனுப்புற செலவே கல்லு விலையைத் தாண்டிடும். அலுமினா அதிகமுள்ள கல்லு ஒசத்தின்னு தலையில கட்டப் பார்த்தா மசிஞ்சிடாதீங்க. விலையும் கூட, சூட்டையும் வேகமாக் கடத்தும். பீட்சாவோட அடி கருகிப் போகும். நம்ம அடுப்பு 450 டிகிரிக்குப் போறதே பெரிசு, அதுக்கு ஐ.எஸ். 8 தாராளம். உருக்கு உலையில கழிச்சுப் போட்ட பழைய கல்லு சல்லிசாக் கிடைக்கும், ஆனா என்னென்ன கசடு ஒட்டியிருக்கோ, சோறு வேகிற இடத்துல அது வேண்டவே வேண்டாம்.

உள்விட்டம் ஒரு மீட்டர்னு வச்சுக்கங்க. தரைக்கு 30 கல்லு, குவிமாடத்துக்குப் பாதிப் பாதியா வெட்டி ஏறக்குறைய 90, வாய்க்கும் உடைசலுக்கும் சேர்த்து 150 வாங்கிட்டா நிம்மதி. வெட்டுறப்போ முகமூடி கட்டாயம், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. தூக்கித் தூக்கி இடுப்பு கொஞ்சம் பிடிச்சுக்கும். அதை விடுங்க, கலவைக்கு வாங்க!

ஆகா, கலவை! வெறும் ஃபயர் கிளே 1000 டிகிரி பக்கம் போனாத்தான் கல்லா இறுகும், நம்ம அடுப்பு அந்தச் சூட்டைப் பார்க்கவே போறதில்லை. வெறும் சிமெண்ட்டோ தொடர்ந்து சூடு பட்டா உதிர்ந்துடும். அதனால மணல் மூணு பங்கு, சிமெண்ட், சுண்ணாம்பு, ஃபயர் கிளே ஒவ்வொரு பங்கு. சிமெண்ட் முதல்ல பிடிச்சு நிறுத்தும், அது தளர்றப்போ சுண்ணாம்பும் களிமண்ணும் தாங்கிக்கும், என்ன ஒரு ஏற்பாடு பாருங்க! கல்லைத் தண்ணியில நனைச்சு, கரண்டியில வழிச்ச கலவையை மெலிசாப் பூசி, அழுத்தி ஒரு திருகு திருகினா ‘ப்ளக்’குன்னு உறிஞ்சிப் பிடிக்கும் பாருங்க, அந்த ஒரு சத்தத்துக்காகவே இன்னொரு அடுப்பு கட்டலாம்னு தோணும்! தரைக்குக் கலவையே வேண்டாம், மணலும் களிமண்ணும் கலந்து பரப்பி அதுமேல சும்மா ஒட்டி அடுக்கினாப் போதும், சூட்டுல கல்லு விரியவும் சுருங்கவும் இடம் இருக்கும், காசும் மிச்சம்.

கட்டி முடிச்சு, ஈரம் போகச் சில நாள் சின்னச் சின்னதாத் தீ மூட்டி, கடைசியா வேலிக்கருவை விறகை அள்ளிப் போட்டு எரிச்ச அந்தச் சாயங்காலத்தை நினைச்சுப் பாருங்க: குவிமாடம் முழுக்கக் கரி அப்பி இருட்டாக் கிடக்கு, தீ நாக்கு உச்சியைத் தொட்டு மடங்கி வாய்ப்பக்கம் வழியுது, முகம் தீயுது, நகர மனசில்லை, திடீர்னு உச்சியில ஒரு வெளுப்பு, அது பரவுது, கரியெல்லாம் எரிஞ்சு போய் நான் தட்டிப் பார்த்த அதே மஞ்சள் கல்லு பளிச்சுன்னு தெரியுது, நான் மாடியில குதிக்கிறேன், பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து “என்னாச்சு கண்ணு?”ங்கிறாங்க, பதில் சொல்ல எனக்கு நேரமில்லை, மாவு உள்ளே போயாச்சு, ஒன்றரை நிமிஷத்துல ஓரம் உப்பிப் புள்ளி புள்ளியாக் கருத்து வெளியே வந்தாச்சு!

கட்டப் போறவங்களுக்கு ஒண்ணு: 150 கல்லுன்னா 600 கிலோ, குட்டி யானையில ஒரே நடை. கல்லு விலையில அஞ்சு பத்து குறைக்கிறதுக்கு முன்னாடி வண்டி வாடகையும் இறக்குக் கூலியும் யார் தலையில்னு பேசி முடிச்சிடுங்க.