பரீட்சை மீதியின் அழகு

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே வந்தாறுமூலையில், 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கலாசாலையின் வர்த்தக முகாமைத்துவ பீடத்திலே பயிலும் மாணாக்கர், பேரேட்டு மீதிகளையெல்லாம் திரட்டிப் பரீட்சை மீதி தயாரித்து, வரவும் செலவும் சதம் பிசகாமல் ஒன்றுபடக் காணும் கணத்தில் அடைகின்ற ஆனந்தம் அலாதியானது. 1494இல் வெனிஸ் நகரில் அச்சான தம் நூலில் இரட்டைப் பதிவு முறையை விவரித்த லூக்கா பச்சியோலி என்ற துறவியும் இதை அனுபவித்தே இருப்பார்.

ஒன்றுபடாதபோதுதான் சுவாரஸ்யம் அதிகம். வித்தியாசம் 180 என்று வைத்துக்கொள்வோம். அது ஒன்பதால் மிச்சமின்றி வகுபடுவதால், 5,640 என்பதை 5,460 என்று இலக்கம் மாற்றி எழுதிவிட்டோமோ என்று சந்தேகிக்கலாம். அல்லது அதில் பாதியான 90 பக்கம் மாறிப் பதிவாகியிருக்கலாம். எதுவும் அகப்படாவிட்டால், இருக்கவே இருக்கிறது தொங்கல் கணக்கு. (அநாதைத் தொகைகளுக்கு இப்படியோர் ஆசிரமம் வகுத்த மகானுபாவர் யாரோ!)

ஆயினும் இரு பக்கமும் ஒத்துவிட்டதனாலேயே ஏடுகள் குற்றமற்றவை என்று நம்பிவிடுதல் பேதைமை. வாவிக்கரை இறால் வியாபாரி கடனுக்குக் கொடுத்த சரக்கொன்று நாளேட்டில் ஏறாமலே போயிருந்தால், பரீட்சை மீதி அதைப்பற்றி வாயே திறக்காது.