அச்சுக்கூடம் பக்கத்தில், அலமாரி தொலைவில்

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு புத்தகத்தை அச்சடிப்பது கடினமான வேலையே இல்லை. நாட்டுக்கே நாள்காட்டியும் டைரியும் அடித்துத் தரும் சிவகாசி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. இதே மாவட்டத்து எம்.ரெட்டியபட்டியில் காலையில் பஸ் ஏறினால், அருப்புக்கோட்டை வழியாகப் போய் அச்சகத்தில் பேசி முடித்து, இருட்டுவதற்குள் ஊர் திரும்பலாம். ஆயிரம் பிரதி அடித்தால்தான் கட்டுப்படியாகும் என்ற காலமும் போய்விட்டது. ஐம்பது, நூறு பிரதிகளைக்கூட டிஜிட்டல் அச்சில் அடித்துத் தருகிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கட்டுக்கட்டாக வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்த புத்தகம் எந்தக் கடையின் அலமாரியில் போய் உட்காரும்?

தமிழ்நாட்டில் புத்தகக் கடைச் சங்கிலி புதிய விஷயமல்ல. 1844இல் சென்னையில் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ், பின்னாளில் தென்னகத்து ரயில் நிலையங்களில் எல்லாம் கடை விரித்தது. 1987இல் நுங்கம்பாக்கத்தில் லேண்ட்மார்க் வந்தது. ஒடிஸி, ஸ்டார்மார்க் போன்றவை அடுத்தடுத்து வந்தன. குளிரூட்டிய கூடம், நின்றபடியே படித்துப் பார்க்கலாம் என்ற தாராளம், இவையெல்லாம் வாசகருக்குக் கிடைத்த நன்மைகள். ஆனால் அங்கே ஆங்கில நூல்களுக்கு அறை முழுக்க இடம் கிடைத்தது; தமிழுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு சுவர். அந்தச் சுவரிலும் கல்கியும் சுஜாதாவும் சமையலும் சுயமுன்னேற்றமும் போக மிஞ்சிய இடத்தில்தான் சிறு பதிப்பகங்கள் முட்டிமோத வேண்டியிருந்தது. லேண்ட்மார்க் 2005இல் டாட்டா குழுமத்தின் டிரென்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. பிறகு பொம்மைக்கும் பரிசுப் பொருளுக்கும் இடம் கூடிக்கொண்டே வந்து, கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அமெரிக்காவில் பார்டர்ஸ் என்ற புத்தகக் கடைச் சங்கிலி 2011இல் திவாலாகி எல்லாக் கடைகளையும் மூடியபோது, அங்கிருந்து வரவேண்டிய பணம் சிறு பதிப்பாளர்கள் பலருக்குக் கைக்கு வராமலே போனது. பெரிய கடை வாழ்ந்தாலும் சிறியவனுக்குப் பாக்கி, செத்தாலும் பாக்கி.

பாக்கி என்பதுதான் இதில் மையமான சொல் என்று நினைக்கிறேன். பெரிய கடைகள் தமிழ் எழுத்தை வெறுக்கின்றன என்ற குற்றச்சாட்டில் எனக்கு உடன்பாடில்லை. அவை எதையும் வெறுப்பதும் இல்லை, விரும்புவதும் இல்லை. விற்ற பிறகே காசு தரும். கணக்கைப் பாருங்கள். 200 ரூபாய் விலையுள்ள புத்தகம் ஒன்று. கடைக்குக் கழிவு 40 விழுக்காடு என்றால் 80 ரூபாய் அங்கே போய்விடும். குறைந்த பிரதிகளாக அடித்ததால் அச்சுச் செலவு 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மீதி 30 ரூபாய். சென்னைக்கு பார்சல் கட்டணமும், விற்காமல் திரும்பி வந்தால் அதற்கான கட்டணமும் அந்த முப்பதுக்குள் அடங்க வேண்டும். திரும்பி வருவது முனை மழுங்கி, அட்டை அழுக்காகி, இன்னொரு கடைக்குக் கொடுக்க முடியாததாக வரும். விற்ற பிரதிக்கான பணமோ மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து, பலமுறை தொலைபேசியில் கேட்ட பிறகு. புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது சலுகைபோலத் தெரியும். ஆனால் காகிதத்துக்கும் அச்சுக்கும் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் வழியில்லை என்பதே அதன் மறுபக்கம்.

மல்லியும் மிளகாயும் போடுகிற இந்தக் கரிசக்காட்டு சம்சாரிக்குக் கமிஷன் மண்டி தெரியும். விலையை மண்டிக்காரர்தான் சொல்வார். ஆனாலும் விதைப்புக்கு முன்பணம் கேட்டுப் போய் நிற்க அங்கே ஓர் இடம் உண்டு. புத்தக வியாபாரத்தில் முன்பணம் தருகிறவர் எழுத்தாளர்; கடனில் சரக்கு எடுப்பவர், மாநகரத்தில் நான்கு மாடிக் கடை வைத்திருப்பவர். இந்தத் தலைகீழ் ஏற்பாட்டைத் தொழில் வழக்கம் என்று சொல்லி எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். எனக்கு அது அநியாயமாகவே படுகிறது.

கடையை நம்பாமல் வாசகரைத் தேடிப் போனவர்கள் நம் மொழியில் உண்டு. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா, தான் வெளியிட்ட நூல்களைப் பைகளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அந்தச் சுமையில் இருந்த ஆசிரியர்களைத்தான் இன்று பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறோம். 1960களில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய வாசகர் வட்டம், உறுப்பினர்களை முதலில் சேர்த்துக்கொண்டு, பிறகு நூல்களை அவர்களுக்கு அனுப்பியது. தி.ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ அப்படித்தான் 1966இல் வெளிவந்தது.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் உதாரணம் சிவகங்கை. திருச்சுழியைத் தாண்டி நரிக்குடிப் பக்கம் போனால் எல்லையே அந்த மாவட்டம்தான். அங்கே கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிஞர் மீரா, 1974இல் அன்னம் பதிப்பகத்தைத் தொடங்கினார். கி.ராஜநாராயணனின் நூல்களைத் தமிழ்நாடெங்கும் கொண்டு போனதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு சிற்றூர் அளவேயான நகரத்திலிருந்து நவீன இலக்கியத்துக்கு முகவரி கொடுக்க முடியும் என்று மீரா காட்டினார். அதற்கு அவர் தன் கவிதைக்கான நேரத்தை எவ்வளவு கொடுத்தார் என்று யோசித்தால் மனம் கனக்கிறது. பூமணியின் ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய ‘அஞ்ஞாடி’ நாவலை 2012இல் க்ரியா பதிப்பகம் வெளியிட்டதும் இதே வகைத் துணிச்சல்தான். எந்தக் கடைச் சங்கிலியும் கேட்டு வந்த நூல் அல்ல அது.

கேரளத்தில் வேறொரு பாதை பிறந்தது. 1945இல் கோட்டயத்தில் எழுத்தாளர்கள் கூடி சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். எழுத்தாளருக்கு 30 விழுக்காடு ராயல்டி கொடுத்தது அந்தச் சங்கம். நம் பதிப்புலகில் 10 விழுக்காடுதான் வழக்கம், அதுவும் எல்லோருக்கும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. அதைவிட முக்கியம், நேஷனல் புக் ஸ்டால் என்ற பெயரில் ஊர் ஊராக அவர்களே கடைகளை நடத்தினார்கள். சங்கிலிக் கடை என்றாலே எழுத்தாளனுக்கு எதிரி என்று எண்ண வேண்டியதில்லை. சங்கிலி யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டில் அப்படியொரு சங்கிலி ஏற்கெனவே மக்கள் கையில் இருக்கிறது. அதன் பெயர் பொது நூலகத் துறை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்த அமைப்புக்கு நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள் இருக்கின்றன. சொத்துவரியோடு சேர்த்து நூலக வரியை நாம்தான் கட்டுகிறோம். எந்த வணிகக் கடைக்கும் இத்தனை கிளைகள் கிடையாது; லேண்ட்மார்க் எட்டிப் பார்க்காத ஊர்களில் எல்லாம் ஊர்ப்புற நூலகம் உண்டு. ஆனால் சிறு பதிப்பாளர்களைக் கேட்டால், நூலகங்களுக்கு அரசு புத்தகம் வாங்கும் நூலக ஆணை என்ற சொல்லுக்கு ஒரு பெருமூச்சுதான் பதில். ஓர் ஆண்டு ஆணை வரும், அடுத்த சில ஆண்டுகள் வராது. விலையைப் பக்க எண்ணிக்கையை வைத்து, படிவக் கணக்கில், அரசே நிர்ணயித்துவந்தது. காகித விலை ஏறிய வேகத்துக்கு அது ஏறவில்லை. ஆணைக்காகவே அடிக்கப்பட்டு, நூலகத்தைத் தவிர வேறெங்கும் கண்ணில் படாத நூல்களும் உண்டு. 2024இல் அறிவிக்கப்பட்ட வெளிப்படையான கொள்முதல் கொள்கை, இணையவழி விண்ணப்பத்தைக் கொண்டுவந்திருக்கிறது. சிபாரிசு தேடிச் சென்னைக்கு அலைய முடியாத எழுத்தாளருக்கு இது மெய்யான நல்ல செய்தி. தொடர்ந்து ஆண்டுதோறும் நடந்தால் மட்டுமே.

புத்தகக் காட்சிகள் இன்னொரு வாசல். 1977இல் தொடங்கிய சென்னைக் காட்சியில் ஸ்டால் வாடகை, தங்கும் செலவு, ஆள் கூலி எல்லாம் போட்டுப் பார்த்தால் ஒன்றிரண்டு தலைப்புகள் வைத்திருப்பவர் தனியாகப் போக முடியாது. தெரிந்தவர் ஸ்டாலில் ஓர் ஓரம் கேட்டு வைக்க வேண்டும். 2022க்குப் பிறகு அரசு ஆதரவில் மாவட்டந்தோறும் காட்சி நடப்பதால் விருதுநகர்வரை போனால் போதும் என்றாகியிருக்கிறது. அங்கே இம்மாவட்ட எழுத்தாளர்களுக்கு வாடகையில்லாத ஒரு பொது மேசை போடுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

இணையவழி விற்பனை வந்த பிறகு எம்.ரெட்டியபட்டியிலிருந்தே நேரடியாக வாசகருக்கு அனுப்பலாம் என்கிறார்கள். உண்மைதான், அதற்குத் தேவை மலிவான தபால். பல தலைமுறைகளாகப் புத்தகம் அனுப்பக் கைகொடுத்த பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவை வந்தது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. 200 ரூபாய்ப் புத்தகத்தை வாசகர் கையில் சேர்க்க இந்தக் கட்டணம் கடைக் கழிவில் பாதிகூட வராது. பணமும் அன்றே வந்துவிடும். கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கென்று வகுக்கப்பட்ட இச்சேவையில் கவிதைத் தொகுப்பையும் நாவலையும் தயக்கமின்றி வாங்கிக்கொள்ளும்படி ஊர்த் தபால் நிலையங்கள்வரை தெளிவான உத்தரவு போக வேண்டும்.