பாலம் தகர்ந்தது, பாட்டாளி எங்கே?

'குவாய் ஆற்றின் மேல் பாலம்'! 1957-இல் வெளிவந்த இந்த ஆங்கிலப் படத்தில் பாலம் தகர்ந்தபோது உலகமே கைதட்டிற்று. ஏழு ஆஸ்கார் விருதுகள் குவிந்தன. இயக்குநர் டேவிட் லீனின் திறமையை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது ஒன்றே: அந்த இருப்புப்பாதையில் செத்த தமிழன் எங்கே?

கதை இது. ஜப்பானியப் படையின் பிடியிலிருந்த சயாமில் வெள்ளைக் கைதிகள் பாலம் கட்டுகிறார்கள். இலங்கையிலிருந்து புறப்பட்ட இரகசியப் படையினர் காடு கடந்து வந்து, இருளில் தூண்களில் வெடி கட்டுகிறார்கள். விடியலில் ஆற்றுநீர் வற்றி, வெடியின் கம்பி வெளியே தெரிகிறது. மூச்சை அடக்கும் காட்சிதான்! ஆனால் மூல நாவலில் பாலம் பிழைக்கிறது. வரலாற்றிலோ, 1945-இல் நேசநாட்டு விமானக் குண்டுகளே பாலத்தைச் சிதைத்தன. நாசவேலை கற்பனை. கற்பனை குற்றமன்று, கற்பனையின் நிழலில் உண்மையைப் புதைப்பதே குற்றம்.

உண்மை என்ன? 1942, 1943 ஆண்டுகளில் 415 கிலோமீட்டருக்குப் போடப்பட்டது சயாம்–பர்மா பாதை. அதில் உழன்ற போர்க்கைதிகள் 60,000-க்கு மேல்; மாண்டவர் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ 2 இலட்சம். மாண்டவர் 90,000 அளவில் என்று மதிப்பிடுவர். ஏய்த்தும் பிடித்தும் கொண்டுசெல்லப்பட்ட மலாயாத் தோட்டத் தமிழர் அவர்களுள் பல்லாயிரவர். பட்டினி கொன்றது, வாந்திபேதி கொன்றது. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழனுக்கோ காட்டுக்குழி!

1952-இல் மூல நாவலை எழுதிய பியேர் பூல், போருக்கு முன் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பால்மரம் வெட்டிய தமிழரை அறியாதவரல்லர். எனினும் அவர் கதையின் நாயகருள் தமிழர் எவருமில்லை.

வீரமாவது ஆசியனுக்கு உண்டா? படத்தில் அவன் வழிகாட்டுகிறான். ஆசியப் பெண்கள் சுமை தூக்குகிறார்கள். அவ்வளவே! மெய்யான மலாயாவில் காட்டில் மறைந்து போரிட்டோர் பெரும்பாலும் சீனர். பேராக்கின் பாப்பான் ஊரில் அவர்களின் காயத்துக்கு மருந்திட்டனர், சிபில் கார்த்திகேசு என்ற செவிலியும் ஈழத்தமிழ் மரபினரான அவர் கணவரும். மறைவாக வானொலி கேட்டுச் செய்தி பரப்பிய சிபில், 1943-இல் பிடிபட்டு வதையுண்டார், 1948-இல் மறைந்தார். அந்த எதிர்ப்புக்கு இந்தத் திரையில் இடமில்லை.

இன்னொரு மறைப்பும் கேளுங்கள். திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் பொதுவுடைமையர் என்ற ஐயத்துக்கு ஆளானவர்கள். எனவே அவர்கள் பெயர் நீக்கப்பட்டது. விருது பூலுக்குப் போயிற்று! இருவரும் மறைந்தபின், 1984-இல்தான் அந்த அநீதி திருத்தப்பட்டது. எழுதியவனுக்குக் காலங்கடந்தேனும் பெயர் கிடைத்தது, மண் சுமந்தவனுக்கு?

விஸ்வநத்தத்தில் வெடிமருந்தோடு வாழும் நமக்கு இக்கேள்வி அயலானதன்று. வாணம் வெடித்தால் ஊர் வானத்தைப் பார்க்கிறது; மருந்து கலந்த கையைப் பார்ப்பதில்லை. 2012-இல் முதலிப்பட்டி ஆலையில் வெடித்தபோது மட்டும் பார்த்தது, பின் மறந்தது.

தோழர்களே! படத்தைப் பாருங்கள். பார்த்தபின் மலேசியத் தமிழர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைத் தேடிப் படியுங்கள். தகர்த்தவனைப் போற்றும் உலகிடம், கட்டிச் செத்தவன் பெயரென்ன என்று கேளுங்கள். கேட்காதவரை அவன் மீது மண் விழுந்துகொண்டே இருக்கும்.